சிவக்கக் கூடாத பலகாரம்

மண்டபத்துச் சமையல்கட்டில் நான் நுழைந்தபோது என் பலகாரம் எண்ணெய்ச் சட்டியில் மிதந்துகொண்டிருந்தது. அதைச் சாரணிக் கரண்டியால் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த சமையல் காண்ட்ராக்டர் தசரதன் என்னைப் பார்த்துச் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. ஒருவனுடைய மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, நன்றியெல்லாம் வேண்டாம் என்று சொல்லப்போகிற ஆள் சிரிக்கிற சிரிப்பு.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பேக்கரியில் நான் மாஸ்டர். விறகு ஓவன் காலத்து ஆள்; எங்கள் கடையில் இன்னும் அதுதான். முதலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ரெஸ்ட் எடுங்க மாஸ்டர்" என்கிறார். எடுத்தால் ஓவனை யார் பார்ப்பார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் படிப்பதற்கு ஏதாவது எழுதுங்கள் என்று சொன்னதும் அவர்தான். கேக்குக்கு ஐசிங் போடுவதைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார். அதைப் போனில் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் கிடைக்காத ஒன்றை நான் எழுதுகிறேன்.

1. வேகல

எங்கள் பக்கத்தில் பலகாரம் வெந்துவிட்டதா என்பதைக் கண்தான் தீர்மானிக்கும். நாக்குக்கு அந்த அதிகாரம் கிடையாது. சிவந்திருந்தால் வெந்தது, வெளுத்திருந்தால் வேகல. மேல்முறையீடு இல்லை.

ஒரு தடவை வாலாஜாபாத்திலிருந்து வந்த அம்மா ஒருவர், பெண் பார்க்கும் வீட்டுக்கு வெண்ணெய் பிஸ்கட் வாங்கிப் போனார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்.

"இன்னா மாஸ்டர், மாவ அப்டியே வட்டமா வெட்டிக் குடுத்துகிறே?"

"வெண்ணெய் பிஸ்கட் அப்படித்தாம்மா இருக்கும். வாயில போட்டுப் பாருங்க."

"வாயில போட்டு இன்னாத்த பாக்கறது? கண்ணு தெரில எனக்கு?"

வாங்கி ஓவனில் மறுபடி வைத்து, நல்ல மரக்கலர் வந்ததும் எடுத்துக் கொடுத்தேன். ஓரமெல்லாம் கருகி இருந்தது. "இப்பதான் பிஸ்கட்டு மாதிரி கீது" என்று சந்தோஷமாகப் போனார். கருகியதை மன்னிப்பார்கள், வெளுத்ததை மன்னிக்க மாட்டார்கள். இந்த ஊரில் இத்தனை வருஷம் மாஸ்டராக இருப்பதற்கு இது ஒன்று தெரிந்தால் போதும் என்றுதான் நானும் இருந்தேன்.

2. கவிழ்த்து வைத்த போன்

பெருநகர் ஏகாம்பரம் நெல் விவசாயி. விளைச்சலைவிட அவருக்கு ரோஷம் அதிகம். யாரிடமாவது அவர் பேசாமல் இருக்கிறார் என்றால் அந்த ஆள் அவருக்கு ரொம்ப முக்கியம் என்று அர்த்தம். முக்கியம் இல்லாதவர்களிடம் நன்றாகவே பேசுவார். என்னிடம் நன்றாகப் பேசுவார்.

ஒரு நாள் கடைக்கு வந்து, கல்லாப்பக்கம் போகாமல் நேராக ஓவனுக்குப் பக்கத்தில் வந்து நின்று போனை நீட்டினார். "மாஸ்டர், இத உன்னால பண்ண முடியுமா பாரு."

படத்தில் ஒரு தட்டு. தட்டில் பிறை பிறையாக ஏதோ அடுக்கியிருந்தது.

"சோமாஸ்தானே? கொஞ்சம் ஒல்லியா கீது. இன்னும் வேகல."

"சோமாஸ் இல்ல. மொராக்கோ."

"அது எங்க கீது?"

"எனக்கு இன்னா தெரியும்? ஏரோப்ளேன்ல போவணுமாம். எம் பொண்ணு அந்த ஊருப் பையனத்தானே கட்டிக்கினா."

கதை எனக்கும் தெரிந்ததுதான். அவருடைய ஒரே பெண் கவிதா சென்னையில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அங்கே கூட வேலை செய்த மொராக்கோ நாட்டுப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சாதி விட்டுச் சாதி கட்டியிருந்தால் பெருநகரில் என்ன பேச வேண்டும் என்று எல்லோருக்கும் மனப்பாடம். கண்டம் விட்டுக் கண்டம் கட்டினால் எங்கிருந்து பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஊரே திணறியது. ஏகாம்பரம் பெண்ணோடு பேச்சை நிறுத்தினார். சாட்சிக் கையெழுத்துப் போட்ட மச்சான் தசரதனோடும் நிறுத்தினார். தசரதன், அவர் மனைவியின் தம்பி. மேலே எண்ணெய்ச் சட்டியோடு பார்த்தோமே, அவரேதான்.

ஒரு வருஷம் போனது. ஏகாம்பரத்தால் பெண்ணைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. உத்திரமேரூரில் மண்டபம் பிடித்து விருந்து வைக்கச் சம்மதித்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா அந்த நாட்டிலிருந்து வருகிறார். அப்பா இல்லையாம், அம்மா மட்டும்தானாம்.

"சரி, விருந்துல வடை பாயசம் போடு. இது எதுக்கு?" என்றேன்.

ஏகாம்பரம் ஓவன் கதவைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கல்யாணமான புதுசுல அந்தம்மா வீடியோ கால்ல வந்தாங்க மாஸ்டர். எம் பொண்டாட்டி போனக் கொண்டாந்து எங்கிட்ட நீட்டுச்சு. அந்தம்மா சிரிச்சிக்கினே தட்டத் தூக்கிக் காட்னாங்க. இந்தத் தட்டுதான். புள்ள கல்யாணத்துக்குன்னு அவங்களே பண்ணதாம். எடுத்துக்கோங்கன்ற மாதிரி கைய காட்னாங்க."

"நீ இன்னா பண்ண?"

"இந்தம்மா காலு என் வூட்டு வாசல்ல படக்கூடாதுன்னு கத்திட்டு, போனக் கவுத்து வெச்சுட்டேன்."

அவருக்கு அந்த அம்மாவின் பாஷை தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் போனைக் கவிழ்ப்பது எல்லாப் பாஷையிலும் ஒன்றுதான்.

"வந்தா ஒரு வார்த்த மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிடேன். பொண்ணு எடுத்துச் சொல்லிடுமே."

"எம் பங்காளிங்க மச்சானுங்க எல்லாரும் ஒக்காந்திருப்பானுங்க. அவனுங்க முன்னாடி நான் மன்னிப்புக் கேக்கறதா? மானம் போயிடும். அதே தட்டு மாதிரி, அதே பலகாரம் பண்ணிக் கொண்டுபோய் முன்னாடி வெச்சுட்டா அவங்களே புரிஞ்சிக்குவாங்க. நான் வாயத் தொறக்க வேணாம்."

ஆக, மன்னிப்புக் கேட்கும் வேலையை என்னிடம் காண்ட்ராக்ட் விட வந்திருந்தார். நானும் ஒத்துக்கொண்டேன்.

3. நாரத்தம்பூத் தண்ணீர்

செய்முறையைக் கவிதா போனில் சொன்னாள். பெயரைச் சொல்லி, அதற்கு மான் கொம்பு என்று அர்த்தம் என்றாள். பாதாமை வெந்நீரில் போட்டுத் தோல் உரித்து, சர்க்கரையும் பட்டைத்தூளும் போட்டு அரைத்து, விரல் மாதிரி உருட்ட வேண்டும். மைதாவில் வெண்ணெய் போட்டு நீவி நீவிப் பிசைந்து, காகிதம் மாதிரி தேய்த்து, உருட்டியதை அதற்குள் மடித்து வளைக்க வேண்டும். ஓரத்தை வெட்டச் சோமாஸ் கரண்டியின் சக்கரமே போதுமாக இருந்தது. மேலே ஊசியால் குத்த வேண்டும், இல்லாவிட்டால் உப்பி வெடிக்கும்.

இரண்டு இடத்தில் இடித்தது. முதலாவது, மாவிலும் பூரணத்திலும் ஆரஞ்சுப் பூவில் இறக்கிய தண்ணீர் சேர்க்க வேண்டுமாம். உத்திரமேரூரில் அதற்கு எங்கே போவது? ஏகாம்பரம் கிணற்றடியில் ஒரு நாரத்தை மரம் இருக்கிறது. அந்தப் பூவைப் பறித்துத் தூக்குவாளியில் கொண்டுவந்தார். தண்ணீரில் ஊறவைத்து மூடி வைத்தோம். மூடியைத் திறந்ததும் கடை முழுக்க மணத்தது. பஃப்ஸ் வாங்க வந்தவர்கள் யார் வீட்டில் விசேஷம் என்று கேட்டார்கள்.

இரண்டாவது இடம்தான் கஷ்டம். "மாஸ்டர், செவக்கவே கூடாது. வெள்ளையா எடுக்கணும். செவந்துட்டா அந்த ஊர்ல பண்ணத் தெரியாதவங்க பண்ணதுன்னு சிரிப்பாங்களாம்" என்றாள் கவிதா.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. இத்தனை வருஷம் சிவக்க வைத்துச் சம்பளம் வாங்கியவனிடம் சிவக்காமல் எடு என்றால்? முதல் ட்ரே என் கைப்பழக்கத்துக்குப் பொன்னிறமாக வந்து தொலைந்தது. அதை ஒதுக்கிவிட்டு, ரொட்டி எல்லாம் எடுத்து முடித்து ஓவன் சூடு இறங்கிக்கொண்டு வரும்போது அடுத்ததை உள்ளே விட்டேன். கதவைத் திறப்பதும் மூடுவதுமாக நின்று, மாவு கெட்டிப்பட்டதும் இழுத்தேன். முழுக்க வெள்ளை. கையில் எடுத்தால் லேசாக இருந்தது. வாயில் போட்டால் கரைந்தது. சும்மா சொல்லக்கூடாது, என் கையால் அப்படி ஒன்றை நான் செய்ததே இல்லை.

எங்கள் கடையில் புது ஐட்டம் எதுவானாலும் முதல் ஈட்டில் கொஞ்சம் ஓவன் மேலே இருக்கும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துவிடுவோம். அப்படி ஒரு தட்டில் சிலதை வைத்துக் கற்பூரம் காட்டினேன். திரும்பிப் பார்த்தால், மாவு தேய்க்கும் சரோஜா மீதி ட்ரேயை ஓவனுக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

"ஏம்மா, இன்னா பண்ற?"

"வேகல மாஸ்டர். நீ மறந்துட்ட போல கீது."

"வெந்துடுச்சு! எடும்மா வெளில!"

எடுத்தாள். ஆனால் அன்று முழுக்க என்னை ஒரு மாதிரியாகவே பார்த்தாள். கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

விருந்தன்று காலையில் ஏகாம்பரம் டின்களை எடுக்க வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "இத நேரா சமையல்கட்டுல வெப்பே. தசரதன் பார்ப்பாரு. இது வெந்தது, இப்பிடித்தான் இருக்கும், தொடாதேன்னு அவர் கிட்ட ஒரு வார்த்த சொல்லிடு."

"ம்" என்றார் ஏகாம்பரம்.

தசரதனோடு அவர் பேசுவதில்லை என்று எனக்குத் தெரியும். சமையலைத் தம்பிக்குக் கொடுத்தது அவர் மனைவி. ஆனாலும் இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஒரு வார்த்தை பேசிவிடுவார் என்று நம்பினேன்.

4. தசரதன் செய்த உதவி

பேசவில்லை. டின்களை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, மச்சான் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போயிருக்கிறார். தசரதன் மூடியைத் திறந்து பார்த்து, வேகல என்று முடிவு செய்திருக்கிறார். நியாயம்தானே? அவரும் இந்த ஊர் ஆள்தானே?

நான் போய்ச் சேர்ந்தபோது கடைசி ஈடு சட்டியில் இருந்தது. பொரித்ததெல்லாம் பக்கத்தில் சர்க்கரைப் பாகில் ஊறிக்கொண்டிருந்தது.

"தசரதா, இன்னாய்யா பண்ணி வெச்சுக்கிற?"

அவர் என் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கவலப்படாத மாஸ்டர். ஒருத்தனுக்கும் தெரியாது. வேல பேஜார்ல பச்சையாவே எடுத்து அனுப்ச்சிட்டே, எல்லாருக்கும் நடக்கறதுதான். அந்த ஊரு அம்மா துன்னுட்டு வவுத்தப் புடிச்சிக்கினு ஒக்காந்தா எங்க அக்கா வூட்டுக்குத்தானே கெட்ட பேரு? அதான் எண்ணெயில போட்டு, பாகுல ஒரு முக்கு முக்கிட்டேன். இப்ப பாரு, எப்பிடி பொன்னு மாதிரி கீது!"

பொன் மாதிரித்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நல்ல கைப்பக்குவம் உள்ள ஆள்.

அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் தட்டோடு உள்ளே வந்தார். புதுத் தட்டு, காஞ்சிபுரத்தில் தேடி வாங்கியது. படத்தில் இருந்த மாதிரியே நீலப்பூ போட்டது. பாகைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு வருஷம் கழித்து மச்சானிடம் முதல் வார்த்தை பேசினார்.

"டேய்!"

"இன்னா மாமா?" என்றார் தசரதன், சந்தோஷமாக. கூப்பிட்டுவிட்டாரே என்று.

ஏகாம்பரம் வாசலுக்குப் போய் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வெளியே பந்தியில் அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். பட்டுப்புடவை கட்டிவிட்டிருந்தார்கள். இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் ஏகாம்பரம் எட்டிப் பார்த்தபோது அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவருக்கும் அந்தப் போன் ஞாபகம் இருக்கத்தானே செய்யும்?

"இன்னா மாஸ்டர் பண்றது இப்ப?" என்றார் ஏகாம்பரம். கண் கலங்கிவிட்டது. அத்தனை பெரிய ஆள், பாகுச் சட்டி முன்னால் நின்று தவித்தார்.

"கீறதத் தட்டுல வெச்சு எடுத்துக்கினு போ" என்றேன். வேறு என்ன சொல்வது?

5. எடுத்துச் சொன்ன பெண்

தட்டை அவரே தூக்கிக்கொண்டு போனார். நான் பின்னால் போனேன். பங்காளிகள், மச்சான்கள் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஏகாம்பரம் அந்த அம்மாவின் இலைக்குப் பக்கத்தில் தட்டை வைத்தார்.

அந்த அம்மா தட்டைப் பார்த்தார். நீலப்பூவைப் பார்த்தார். மேலே இருந்த பளபளப்பான பலகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் மருமகளைப் பார்த்தார்.

பலகாரம் பேசும் என்று வந்த ஏகாம்பரம், அது வாயைத் திறக்காததைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு வியர்த்தது. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அது அவர் தெரிந்து செய்ததா, கை தானாகச் செய்ததா என்று தெரியவில்லை. பிறகு கைகூப்பினார்.

"தப்பாப் போச்சும்மா. மன்னிச்சுக்கோங்க" என்றார்.

பலகாரத்தைச் சொன்னார் என்றுதான் பங்காளிகள் நினைத்தார்கள். அதனால் அவர் மானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

கவிதா அப்பாவையே பார்த்தாள். பிறகு மாமியார் பக்கம் திரும்பி அவர்கள் பாஷையில் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தாள். அப்பா சொன்னது ஒரே ஒரு வரி. அவள் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் ஒரு தடவை கையைத் தூக்கி, ஒரு போனைக் கவிழ்த்து வைப்பது மாதிரி காட்டினாள். ஒரு தடவை குரல் உடைந்தது. பந்தியில் ரசம் கேட்டவர்களுக்கு ரசம் போகவில்லை.

அந்த அம்மா எழுந்தார். கைகூப்பி நின்ற ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் நிறையப் பேசினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார், கடைசியில் சிரித்தார். பேசி முடித்ததும் ஏகாம்பரம் பெண்ணைக் கேட்டார், "இன்னாம்மா சொல்றாங்க?"

"பரவால்லயாம் நைனா" என்றாள் கவிதா.

அதற்குள் தசரதன் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றிருந்தார். எல்லோர் கண்ணிலும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "பாகு பதம் அப்பிடி" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

பந்தி முடிந்ததும் கவிதாவைத் தனியாகப் பிடித்தேன். "ஏம்மா, உங்க நைனா அவ்ளோதானே சொன்னாரு. நீ இன்னா அவ்ளோ நேரம் சொன்னே?"

"அவரு சொல்லாதத எல்லாம் சொன்னேன் மாஸ்டர்."

"அந்தம்மா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அன்னிக்குப் போன் கவுந்ததும் அவங்களும் எங்க நைனாவ நல்லாத் திட்டித் தீத்துட்டாங்களாம். அதுக்கு மன்னிப்புக் கேட்டாங்க. திட்டுனது இன்னான்னும் ஒண்ணு விடாம சொன்னாங்க. அத எப்பிடி மாஸ்டர் நைனா கிட்ட சொல்றது?"

6. பாஸ் மார்க்

மறுநாள் காலையில் கவிதா மாமியாரைக் கடைக்குக் கூட்டி வந்தாள். நாங்கள் செய்த வெள்ளைப் பலகாரத்தில் பிள்ளையாருக்கு வைத்தது மட்டும்தான் தப்பித்திருந்தது. தட்டை இறக்கி அவர் முன்னால் வைத்தேன்.

அந்த அம்மா ஒன்றை எடுத்தார். மோந்து பார்த்தார். நாரத்தம்பூ வாசத்தில் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கடி கடித்து மெதுவாக மென்றார். பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்து ஏதோ சொன்னார். சரோஜா வாயைத் திறந்தபடி நின்றாள்.

"இன்னாம்மா சொல்றாங்க?"

"ரொம்ப நல்லா கீதாம் மாஸ்டர். ஆனா" என்று கவிதா தயங்கினாள், "இன்னும் கொஞ்சம் வெள்ளையா எடுத்திருக்கலாமாம்."

நான் ஓவன் பக்கம் திரும்பி விறகைத் தள்ளினேன். வேலை செய்கிற இடத்தில் மனுஷனுக்குத் திருப்தி என்று ஒன்று கிடைக்கவே கிடைக்காது போலிருக்கிறது.

இப்போது எங்கள் கடைக் கண்ணாடி அலமாரியில் இரண்டுமே இருக்கிறது. தசரதன் பாணியில் பொரித்துப் பாகில் போட்டதற்கு முதலாளி மொராக்கோ சோமாஸ் என்று பெயர் வைத்தார். வைத்த கை எடுப்பதற்குள் விற்றுப் போகிறது. வெள்ளையாக இருப்பதைப் பார்த்தால், இது எப்போது வேகும், வெயிட் பண்ணவா என்று கேட்கிறார்கள்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நீங்கள் எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் சரி, அதை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது வாயைத் திறந்து சொல்லிக் கொடுங்கள். பார்த்தால் புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். அவரவர் கண் பழகியபடிதான் அவரவருக்குப் புரியும்.

வெள்ளையாக இருப்பதைத் தவறாமல் வாங்குகிறவர் ஏகாம்பரம் ஒருவர்தான். வாங்கித் தசரதன் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். போன வாரம் பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு அவராகவே சொன்னார்:

"இப்பல்லாம் குடுக்கும்போதே சொல்லிடறேன் மாஸ்டர். வெந்துடுச்சுடா, எண்ணெயில போடாதேன்னு."

"அவர் இன்னா சொல்றாரு?"

"சரி மாமான்றான். நான் அந்தாண்ட போனதும் எண்ணெயில போட்டுடறான்" என்றார் ஏகாம்பரம். சொல்லிவிட்டு, மச்சான் வீட்டுக்குப் போகும் பக்கமாக வண்டியைத் திருப்பினார்.